ஒற்றைக் காலணி



திருகோணமலைப் புனித மரியன்னை பேராலயத்தில் காலைத் திருப்பலிக்கு மணி ஒலிக்கும் வேளையில், கட்டிலை விட்டிறங்கி முதலடியைத் தரையில் ஊன்றவே அஞ்சுகின்றவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. குதிகாலுக்குச் சற்று மேலே, பின்புறத்தில், கயிறொன்றை யாரோ முறுக்கிப் பிடித்தாற்போன்ற விறைப்பு. பத்தடி நடப்பதற்குள் சுரீரென்று பாயும் வலி. சிறிது நடந்ததும் தணிந்து, மாலையில் மீண்டும் தலைதூக்கும் வேதனை. துறைமுகத்தில் கப்பலின் ஏணியில் ஏறி இறங்கும் தொழிலாளிக்கும், நிலாவெளிக் கரையில் ஈரமணலில் கால்புதைத்துக் கரைவலை இழுப்பவருக்கும், நாள் முழுவதும் வகுப்பறையில் நின்றபடியே கற்பிக்கும் ஆசிரியைக்கும், மாலையில் உதைபந்து ஆடும் இளைஞனுக்கும் இது வரக்கூடும்.

இவர்களுட் பலர் வைத்தியரிடம் செல்கின்றனர், ஓய்வெடுக்கின்றனர், இயன்மருத்துவர் கற்பித்த பயிற்சிகளைத் தொடங்குகின்றனர். வாரங்கள் கழிகின்றன. வலி குறைகிறது. ஆயினும் காலில் பலம் வந்தபாடில்லை. படியேறும்போது அந்தக் கால் ஒத்துழைக்க மறுக்கிறது. முன்பாதத்தில் உந்தி எழ முயன்றால் உடல் தள்ளாடுகிறது. "வலிதான் போய்விட்டதே, பிறகேன் இன்னும் நொண்டுகிறீர்கள்?" என்று வீட்டார் கேட்கின்றனர். அதற்கு விடை தெரியாமல், சிலர் பயிற்சியையே கைவிடுகின்றனர். வேறு சிலர், குணமாகிவிட்டதாக எண்ணிப் பாரம் சுமக்கச் சென்று மறுபடியும் படுக்கையில் விழுகின்றனர். இன்னும் சிலரோ, "என் செபத்தில்தான் ஏதோ குறை இருக்கிறது" என்று மனத்துக்குள் குமைகின்றனர்.

இந்த மூன்று சாராருக்கும் இவ்வாரம் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. வலி விலகுவது ஒன்று. வலிமை திரும்புவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே நாளில் நம் வாசலுக்கு வருவதில்லை. முன்னது வந்த பின்னரும் பின்னதற்காகப் பொறுமையுடன் உழைக்க வேண்டியிருக்கிறது.

உடலின் நங்கூர வடம்

துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு பிணைத்து நிற்கும் பெருவடத்தைப் பார்த்திருப்பீர்கள். எண்ணற்ற இழைகள் ஒன்றாக முறுக்கப்பட்டே அவ்வடம் உருவாகிறது. நம் கெண்டைக்கால் தசைகளைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாணும் அத்தகையதே. ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளமுள்ள இதுவே மனித உடலில் உள்ள தசைநாண்களுள் மிகத் தடித்ததும் மிக வலியதுமாகும். நாம் ஓடும்போது நம் உடல் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு வரையான சுமை இதன்மீது இறங்குகிறது. இத்துணை வலிய வடத்துக்கும் ஒரு குறை உண்டு. குதிகால் எலும்புக்கு மேலே இரண்டு முதல் ஆறு சென்ரிமீற்றர் வரையான பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவேதான் பெரும்பாலான நோவும் கிழிவும் அந்த இடத்திலேயே நேர்கின்றன. ஆறுவதற்கும் நெடுநாள் பிடிக்கிறது.

இதனை மருத்துவ உலகம் அகிலிஸ் தசைநாண் என்று அழைக்கிறது. குழந்தை அகிலிசை அவனுடைய தாய் குதிகாலைப் பிடித்து ஸ்ரிக்ஸ் நதியில் அமிழ்த்தினாள் என்றும், நீர்படாத அக்குதிகாலே பின்னாளில் அவனுக்கு எமனாயிற்று என்றும் கிரேக்கக் கதை கூறும். அந்த வீரனின் பெயரை இத்தசைநாணுக்கு வழங்கியவர் பிலிப் வெர்ஹெயன். அவருடைய வாழ்வை நாம் சற்றே நினைவுகூர்வது தகும்.

இன்றைய பெல்ஜியம் நாட்டில் 1648ஆம் ஆண்டில் உழவர் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். பங்குத்தந்தை ஒருவர் அவருடைய அறிவாற்றலைக் கண்டு கல்வி புகட்டினார். லூவெய்ன் பல்கலைக்கழகத்தில் குருவாகும் நோக்குடன் அவர் பயின்று வந்தார். ஆனால் நோய் தாக்கி 1675இல் அவருடைய இடது கால் துண்டிக்கப்பட்டது. குருத்துவத்துக்கான பாதை அத்துடன் அடைபட்டது. கால் இழந்த அந்த மாணவர் மருத்துவம் கற்றார், உடற்கூற்றியல் பேராசிரியரானார், 1689இல் அதே பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் உயர்ந்தார். 1693இல் அவர் வெளியிட்ட உடற்கூற்று நூலில்தான் குதிகாலின் இந்த வடம் அகிலிசின் பெயரைப் பெற்றது. தாம் விரும்பிய வாசல் மூடப்பட்டபோது அவர் வேறொரு வாசலில் பணியாற்றினார். இன்று நம் நொந்த குதிகாலைத் தொட்டுப் பார்க்கும் ஒவ்வொரு வைத்தியரும், ஒற்றைக் காலோடு வாழ்ந்த அந்த மனிதர் வழங்கிய பெயரையே உச்சரிக்கிறார்.

ஓய்வு மட்டும் போதாது

இந்நோவு வந்ததும் நம்மில் பலருக்குத் தோன்றுவது, காலை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும் என்பதே. முதல் சில நாட்களுக்குச் சுமையைக் குறைப்பது நன்று. ஆனால் மாதக்கணக்கான முழு ஓய்வு கெண்டைக்கால் தசையை மெலியச் செய்கிறது. தசைநாணின் தாங்குதிறனையும் குறைக்கிறது. பின்னர் எழுந்து நடக்கையில், முன்பு இலேசாக இருந்த வேலையும் பளுவாகிவிடுகிறது.

இதனை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டு எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஹோகன் அல்பிரட்சன். அவருக்கே இந்நோவு இருந்தது. தமக்குச் சத்திரசிகிச்சை செய்யுமாறு தம் மேலதிகாரியிடம் கேட்டபோது, அவர் மறுத்துவிட்டார். தசைநாண் அறுந்துபோனால் மறுக்க முடியாதல்லவா என்றெண்ணி, வலியைப் பொருட்படுத்தாமல் அதன்மீது கடும் சுமையை ஏற்றினார் அல்பிரட்சன். தசைநாண் அறுந்துவிடவில்லை. மாறாக, நோவு நீங்கியது! அந்த அனுபவத்திலிருந்து அவர் ஒரு பயிற்சி முறையை வகுத்தார். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, நோவுள்ள காலின் குதியை மெல்ல மெல்லக் கீழே இறக்குவதே அது. முழங்காலை நீட்டி 15 தடவைகள் கொண்ட மூன்று சுற்றுகள், முழங்காலைச் சற்று மடித்து அவ்வாறே மூன்று சுற்றுகள், நாளுக்கு இருமுறை, 12 வாரங்கள். நெடுநாள் நோவினால் ஓட்டத்தைக் கைவிட்டிருந்த 15 பேர் இப்பயிற்சியால் மீண்டும் ஓடத் தொடங்கியதை 1998இல் அவருடைய குழுவினர் வெளியிட்டனர். வாரத்துக்கு மூன்று நாட்கள் மட்டும், கூடிய பளுவுடன் மெதுவாகச் செய்யும் பயிற்சியும் ஏறக்குறைய அதே பயனைத் தருவதாக டென்மார்க்கில் 2015இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதை வாசித்தவுடன் நாளைக் காலையிலேயே படியில் ஏறி நிற்க வேண்டாம். அல்பிரட்சனைப் போன்று துணிந்து விடவும் வேண்டாம். பயிற்சி ஒவ்வொருவருக்கும் வேறுபடும். நோவு குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே இருந்தால், குதியைப் படியின் மட்டத்துக்குக் கீழே இறக்குவது நோவைக் கூட்டலாம். அத்தகையோர் சமதரையிலேயே பயிற்சி செய்வது வழக்கம். தசைநாண் முற்றாக அறுந்து, சத்திரசிகிச்சையோ கட்டோ பெற்றவர்களின் கதை முற்றிலும் வேறு. அவர்கள் தொடக்க மாதங்களில் தசைநாணை இழுத்து நீட்டக்கூடிய எதையும், வைத்தியர் அனுமதிக்கும் வரை செய்தலாகாது. தசைநாண் நீண்ட நிலையில் ஒட்டிக்கொண்டால், பின்னர் எத்தனை பயிற்சி செய்தாலும் உந்தி எழும் பலம் குறைந்தே இருக்கும். நம் வீடுகளில் வழக்கமாகிய குந்தியிருத்தலும், வெறுங்காலுடன் நடத்தலும், நன்மை செய்வதாக எண்ணி எண்ணெயிட்டு அழுத்தித் தேய்த்தலும் அவர்களுக்குக் கேடு விளைவிக்கக் கூடும். கன்னியா வெந்நீரூற்றின் இதமான நீர் உடலுக்கு ஆறுதல் தரலாம். ஆனால் இழந்த பலத்தை அது மீட்டுத் தராது. பலம் உழைப்பினால் மட்டுமே மீள்கிறது.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். தசைநாண் அறுந்திராமல் நோவு மட்டும் உள்ளோருக்குச் சுவீடன் ஆய்வாளர்கள் எளிய அளவுகோல் ஒன்றைத் தந்துள்ளனர். வலியே இல்லாத நிலையைப் பூச்சியம் என்றும், தாங்கவே முடியாத வலியைப் பத்து என்றும் கொள்ளுங்கள். பயிற்சியின்போது வலி ஐந்துக்கு மேற்போகலாகாது. மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் தணிந்துவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் கூடிச் செல்லலாகாது. இம்மூன்றும் சரியாக இருப்பின், சிறிது வலித்தாலும் பயிற்சியைத் தொடரலாம். மறுநாள் காலையில் முதலடி வைக்கும்போது கால் சொல்லும் செய்தியே நேற்றைய பயிற்சியின் நற்சான்றிதழ்.

பதினாறு பேரில் நால்வர்

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். வலி போன பிறகும் கால் ஏன் தளர்ந்திருக்கிறது?

இதே கேள்வியை 2007இல் அதே சுவீடன் ஆய்வாளர்கள் அளந்தே பார்த்தனர். ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் நோயின் அறிகுறிகள் முற்றாக நீங்கியவர்கள் 16 பேர். இவர்கள் அனைவரையும் குதித்தல், குதியுயர்த்துதல் போன்ற சோதனைகளுக்கு உட்படுத்தினர். தசையின் ஆற்றல் முழுமையாகத் திரும்பியிருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நால்வர் மட்டுமே. மற்றைய பன்னிருவரும் வலியின்றி இருந்தனர். ஆனால் முழுப் பலத்துடன் இருக்கவில்லை. ஆகவே, வலி நின்றவுடன் பயிற்சியை நிறுத்துகின்றவர், அறுவடைக்கு முன்பே வயலை விட்டுப் போகின்றவருக்கு ஒப்பாவார். உங்கள் கால் இன்னும் தளர்ந்திருப்பது உங்கள் சோம்பலுமன்று, உங்கள் மனப்பிரமையுமன்று. நோய் போகும் வழியில் அது ஒரு கட்டம்.

அதனை நீங்களே அறிந்துகொள்ளலாம். வைத்தியரின் அனுமதி பெற்றபின், சுவரை விரல்களால் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று, குதியை முழு உயரத்துக்கு எத்தனை முறை உயர்த்த முடிகிறது என்று எண்ணுங்கள். நல்ல காலில் இருபது, நோவுற்ற காலில் ஏழு என்றால், மீதிப் பதின்மூன்றே நீங்கள் நடக்கவேண்டிய தூரம். ஒரு கொப்பியில் திகதியுடன் குறித்து வாருங்கள். இரண்டு வாரங்களுக்கொருமுறை பார்த்தால் போதும். ஏழு ஒன்பதாகும், ஒன்பது பன்னிரண்டாகும். ஒரு நாளைக்கும் மறு நாளைக்கும் இடையில் தெரியாத முன்னேற்றம், அந்தக் கொப்பியின் பக்கங்களில் தெளிவாகத் தெரியும்.

கிரிக்கெட் பார்க்கும் நம் பிள்ளைகள் முகமது ஷமியை அறிவார்கள். 2023 உலகக் கிண்ணப் போட்டியில் ஏழே ஆட்டங்களில் 24 விக்கெட்டுகளைச் சாய்த்த இந்திய வேகப்பந்து வீச்சாளர். அத்தொடருக்குப் பின் அவர் களத்தில் இல்லை. 2024 பெப்ரவரியில் இலண்டனில் அவருடைய அகிலிஸ் தசைநாணில் சத்திரசிகிச்சை நடைபெற்றது. மீண்டு வரும் வழியில் முழங்கால் வீங்கி மீண்டும் பின்னடைந்தார். நவம்பரில் வங்காள அணிக்காக உள்ளூர்ப் போட்டியொன்றில் ஆடினார். இந்திய அணிக்காக அவர் மீண்டும் பந்து வீசியது 2025 ஜனவரி இறுதியில்தான். அதற்கடுத்த மாதம் டுபாயில் பங்களாதேஷுக்கு எதிராக ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். தேர்ந்த வைத்தியர்களும் இயன்மருத்துவர்களும் சூழ்ந்திருந்த ஒரு விளையாட்டு வீரருக்கே சத்திரசிகிச்சையிலிருந்து நாட்டுக்காக ஆடுவதற்குப் பதினொரு மாதங்கள் தேவைப்பட்டன. அப்படியிருக்க, வீட்டு வேலையையும் தொழிலையும் பார்த்துக்கொண்டே பயிற்சி செய்கின்ற நமக்குச் சில மாதங்கள் கூடுதலாகச் சென்றால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒற்றைக் காலணி

ஆயினும், நம்பிக்கை கொண்ட உள்ளங்களில் வேறொரு போராட்டமும் நிகழ்கிறது. கால் குணமானால் வெறுங்காலுடன் மடு அன்னையின் திருத்தலத்துக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டவர்கள் உண்டு. பாலையூற்று லூர்து அன்னையிடம் அவ்வாறே பொருத்தனை செய்தவர்களும் உண்டு. வலி சற்றே தணிந்ததும் நேர்த்திக்கடனை நிறைவேற்றிவிட வேண்டும் என்ற ஆவல் எழுகிறது. தாமதித்தால் அன்னை கோபிப்பாளோ என்ற அச்சமும் எழுகிறது. பலம் திரும்பாத காலுடன், செருப்பும் அணியாமல் சுடுமணலிலும் தார்வீதியிலும் நெடுந்தூரம் நடந்து, மீண்டும் தசைநாணை நோகவைத்துக்கொள்வோர் இவ்வாறுதான் அகப்படுகின்றனர்.

இவர்களுக்காகப் புனித இஞ்ஞாசியாரின் வாழ்விலிருந்து ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லலாம். அவர் நமக்கு அந்நியரல்லர். 1893இல் நிறுவப்பட்ட திருகோணமலை மறைமாவட்டத்தின் முதல் ஆயர் சாள்ஸ் லவீன் ஆண்டகை, இஞ்ஞாசியார் தொடங்கிய இயேசு சபையைச் சேர்ந்தவர். அச்சபைத் தந்தையர் பல தலைமுறைகளாக இங்கு கற்பித்தனர், மறைப்பணி ஆற்றினர்.

1521 மே மாதத்தில் பம்ப்லோனா கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டு பட்டு இஞ்ஞாசியாரின் வலது கால் நொறுங்கியது. எலும்பைப் பொருத்தினர். அது கோணலாக ஒட்டியதால், லொயோலாவில் மறுபடியும் உடைத்துப் பொருத்தினர். மயக்க மருந்து இல்லாத காலம் அது. பின்பு, முழங்காலின் கீழே துருத்திக்கொண்டிருந்த எலும்பையும் அறுத்தெடுக்கச் செய்தார் அவர்; பிரபுக்கள் அணியும் இறுக்கமான நெடுங்காலணி தமக்கு அழகாகப் பொருந்த வேண்டும் என்ற வீண் ஆசையே அதற்குக் காரணம். அவ்வளவு செய்தும் கால் சற்றுக் குட்டையாகவே இருந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் நொண்டியே நடந்தார். படுக்கையில் கழிந்த அந்த மாதங்களில் வாசித்த நூல்களே அவருடைய உள்ளத்தைக் கிறிஸ்துவின்பால் திருப்பின என்பதை நாமறிவோம். அதன்பின் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை.

1522இன் தொடக்கத்தில் மொன்சராற் அன்னையின் திருத்தலத்தை நோக்கிப் புறப்பட்டார் அவர். திருப்பயணியின் கோலத்துக்கென முரட்டுத் துணியும், ஊன்றுகோலும், நாரினால் பின்னிய ஒரு சோடிக் காலணியும் வாங்கினார். ஆனால் அச்சோடியில் ஒன்றை மட்டுமே அணிந்தார். அதற்கான காரணத்தைப் பிற்காலத்தில் தம் வரலாற்றைச் சொன்னபோது அவரே விளக்கினார். அடிபட்ட கால் இன்னும் கட்டுப் போடப்பட்டிருந்தது. கோவேறு கழுதைமேல் ஏறியே பயணம் செய்தபோதிலும் ஒவ்வோர் இரவும் அது வீங்கியிருந்தது. ஆகவே அந்தக் காலுக்குக் காலணி தேவை என்று அவர் கண்டார்.

சிந்தித்துப் பாருங்கள். அவர் அப்போது தவ முயற்சிகளில் தணியாத ஆர்வம் கொண்டிருந்தவர். நோன்பிலும் விழிப்பிலும் தம் உடலை வருத்தப் போகின்றவர். அத்தகையவரே நலிந்த காலுக்குக் காலணி இட்டார். நலமான காலை வெறுமையாக விட்டார். இரண்டு கால்களையும் ஒரே தராசில் அவர் நிறுக்கவில்லை. தாங்கக்கூடிய காலிடம் தவத்தைக் கேட்டார். தாங்க இயலாத காலுக்கு இரக்கம் காட்டினார். ஆனால் நலிந்த காலைக் காரணம் காட்டி வீட்டிலேயே இருந்துவிடவும் இல்லை, பயணத்தைத் தொடர்ந்தார். இதுவே நம் புனர்வாழ்வுக் காலத்துக்கான முழுப் பாடமும் ஆகும். காலைச் சீராட்டிக் கிடப்பில் போடவும் வேண்டாம். கடிந்து அடிக்கவும் வேண்டாம். அதற்கு வேண்டிய காலணியைக் கொடுத்து, அதனால் இயன்ற தூரத்தை அதனிடம் கேளுங்கள்.

நேர்த்திக்கடன் செய்தோருக்குத் திருச்சபையும் தாயுள்ளத்துடன் வழி வகுத்திருக்கிறது. தனிப்பட்ட பொருத்தனையில் வாக்களித்த செயலை, அதற்கு நிகரான அல்லது அதனினும் மேலான நற்செயலாக, வாக்களித்தவரே மாற்றிக்கொள்ளலாம் என்று திருச்சபைச் சட்டத்தின் 1197ஆம் விதி கூறுகிறது. உங்கள் பங்குத்தந்தையிடம் மனம் திறந்து பேசுங்கள். அதுபோலவே, நலக்குறைவினால் முழந்தாளிட இயலாதவர் திருப்பலியில் முழந்தாளிட வேண்டும் என்று திருச்சபை வற்புறுத்துவதில்லை. எழுந்தேற்ற வேளையில் நீங்கள் அமர்ந்திருந்தோ நின்றோ தலைதாழ்த்தி வணங்கலாம். அயலில் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

நோவுற்றவரைப் போலவே, அவரோடு வாழ்கின்றவருக்கும் இது சோதனைக் காலம். முதல் வாரத்தில் எல்லோரும் பரிவு காட்டுவார்கள். மூன்றாம் மாதத்தில் பரிவு வற்றிப்போகிறது. குறிப்பாக, நாட்கூலியை நம்பிய குடும்பத்தில், "அப்பா எப்போது வேலைக்குப் போவார்?" என்ற கேள்வி அடுப்படியிலும் எழுகிறது. கேட்கின்றவர் குற்றமற்றவர், கேள்வியைக் கேட்டு உள்ளுக்குள் உடைகின்றவரும் குற்றமற்றவரே.

ஆதலால் வீட்டார் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, நொண்டுதலைக் கேலிக்குரியதாக்காதீர்கள். மீண்டும் அறுந்துவிடுமோ என்ற அச்சம் காலை விடவும் மனத்தை அதிகம் பலவீனப்படுத்துகிறது. இரண்டாவது, பயிற்சி நேரத்தைக் குடும்ப நேரமாக்குங்கள். மாலைச் செபமாலைக்கு முன் பத்து நிமிடங்களை ஒதுக்கினால், பிள்ளை எண்ணிக்கை சொல்ல, தந்தை குதியை உயர்த்தலாம். தனிமையில் மறந்துபோகும் பயிற்சி, கூடியிருக்கையில் மறப்பதில்லை. மூன்றாவது, அவர் செய்யக்கூடிய வேலையை அவரிடமிருந்து பறித்துவிடாதீர்கள். அமர்ந்தபடியே வலை பொத்தலாம், காய்கறி நறுக்கலாம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். தாம் இன்னும் குடும்பத்துக்குத் தேவையானவர் என்ற எண்ணமும் ஒரு மருந்தே. சிலுவையின் பாதையில் நம் ஆண்டவரே சிரேனே ஊர்ச் சீமோனின் உதவியை ஏற்றுக்கொண்டார். சீமோன் சிலுவையைத் தூக்கினார். ஆனால் ஆண்டவர் நடக்கவேண்டிய வழியை அவருக்காக நடந்துவிடவில்லை. உதவியின் அளவு அதுவே.

நம் நாட்டின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பெரிய வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவும் உண்டு. குறித்த திகதியில் கிளினிக்குக்குச் செல்வதைத் தவறவிடாதீர்கள். கால் முன்னேற முன்னேறப் பயிற்சியும் மாற வேண்டும். முதல் மாதப் பயிற்சியையே ஆறாம் மாதத்திலும் செய்துகொண்டிருந்தால் பலம் கூடாது. வீட்டில் அணியும் தேய்ந்த தட்டையான இறப்பர்ச் செருப்பைக் கைவிட்டு, குதிப்பகுதி சற்றே உயர்ந்த காலணியைத் தற்காலிகமாக அணிவதால் நோவு தணியலாமா என்றும் கேட்டறியுங்கள்.

தாமதிக்கலாகாத வேளைகள்

பொறுமை நற்பண்பு. ஆனால் சில அறிகுறிகளுக்கு முன் பொறுமை காட்டுவது ஆபத்தானது. இவற்றை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

நடக்கையிலோ ஓடுகையிலோ, பின்னாலிருந்து எவரோ உதைத்தாற்போன்ற உணர்வும், 'பட்' என்ற ஓசையும் உண்டாகி, அதன்பின் முன்பாதத்தில் ஊன்றி எழ முடியாமற்போனால், தசைநாண் அறுந்திருக்கலாம். வலி பெரிதாக இல்லாவிடினும் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அறுந்தவர்கள் எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை. நோர்வேயில் நடைபெற்று 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், சத்திரசிகிச்சை பெற்றவர்களும் பெறாதவர்களும் ஓராண்டின் முடிவில் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம் கண்டிருந்தனர். சத்திரசிகிச்சை பெறாதோரில் மீண்டும் அறுபடுதல் நூற்றுக்கு ஆறு பேர் என்ற அளவில் சற்றுக் கூடுதலாக இருந்தது. எது உங்களுக்கு ஏற்றது என்பதை நிபுணரே முடிவு செய்ய இயலும். ஆனால் அந்த முடிவை எடுக்க அவருக்கு நாட்களை மிச்சம் வைத்துச் செல்ல வேண்டியது நம் கடமை.

காலுக்குக் கட்டுப் போட்டு அசையாமல் இருக்கும் காலத்தில், கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சூடாகி வலித்தால், நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கக் கூடும். அதனுடன் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. கால்தளர்ச்சி தசைநாணினால் மட்டுமே வருவதில்லை என்பதையும் மறவாதீர்கள். ஒருபக்கக் கையும் காலும் சட்டென்று சோர்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். இரு கால்களும் மரத்துப்போய்ச் சிறுநீரை அடக்க இயலாமற்போனால் அது முதுகுத்தண்டின் அபாயக் குரல்.

இன்னொன்று. சிப்ரோபுளொக்சசின் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சிலருக்கு அகிலிஸ் தசைநாணை நலிவடையச் செய்து, அறுபடவும் வைக்கின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008இல் இதுபற்றிக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. அறுபது வயதைக் கடந்தோரும், ஸ்ரிரொயிட் மருந்து உட்கொள்வோரும் சிறப்பாகக் கவனமாயிருக்க வேண்டும். பழைய துண்டைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை வாங்கும் வழக்கத்தை விட்டொழியுங்கள். வேறு எந்த நோய்க்குச் சென்றாலும், உங்கள் குதிகால் நோவை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

விந்தி நடந்தாலும்

அன்பர்களே, எருசலேம் கோவிலின் அழகு வாயிலில் அமர்ந்திருந்த கால் ஊனமுற்றவரைத் திருத்தூதர் பேதுரு கைப்பிடித்துத் தூக்கியபோது, அவருடைய பாதங்களும் கணுக்கால்களும் அக்கணமே வலுப்பெற்றன என்று திருத்தூதர் பணிகள் நூல் நமக்குச் சொல்கிறது. அவர் துள்ளிக் குதித்தார். அத்தகைய அருங்குறியை நாமும் விரும்புகிறோம், கேட்பதில் தவறுமில்லை. ஆனால் அதே விவிலியம் யாக்கோபின் கதையையும் சொல்கிறது. இரவு முழுவதும் போராடி இறையாசீரைப் பெற்ற அவர், விடிந்தபோது தொடைச்சந்து விலகி விந்தி விந்தி நடந்தார். ஆசீர் பெற்றவர் நொண்டியே சென்றார். ஆகவே, நொண்டி நடப்பது ஆசீர் இல்லாமையின் அடையாளமன்று.

இன்றிரவு கொப்பியை எடுத்து முதல் எண்ணை எழுதுங்கள். அது மூன்றாக இருந்தாலும் எழுதுங்கள். நாளைக் காலையில் கட்டிலருகே உங்கள் காலணி காத்திருக்கட்டும். அதை நலிந்த காலுக்கு முதலில் அணியுங்கள். பின்பு எழுந்து நில்லுங்கள்.

எம் பலவீனத்தை அறிந்த ஆண்டவரே, தளர்ந்த எம் கால்களுக்கு வலிமையையும், அது வரும்வரை காத்திருக்கும் பொறுமையையும், எம்மோடு மெல்ல நடந்து வரும் உறவுகளையும் எமக்குத் தந்தருளும். ஆமென்.